குனிய வைத்த காய்ச்சல்

(புக்கிட் பெருந்துங்கில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். போனஸைப் பற்றிப் பேசுவோம். வீட்டைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். இதுவும் கூலிப் பேச்சுத்தான் என்பது முடிவில் விளங்கும்.

அந்தக் காய்ச்சலின் பெயர் சிக்குன்குனியா. நம்மில் பலர் அதைச் "சிக்கன் குனியா" என்றுதான் சொல்கிறோம். அந்த ஓர் எழுத்துத் தவறு எவ்வளவு தீங்கு செய்தது என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2009ஆம் ஆண்டு. நாங்கள் அப்போதுதான் கிராணி வேலைக்கு வந்த புதிது. இந்த வட்டாரத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே இருபது வருடமாக மரம் வெட்டிய ஓர் அக்காள் இருந்தார். மழை நாள் தவிர மற்ற நாளில் பிரட்டுக்கு அவர் வராமல் இருந்ததில்லை. ஒரு நாள் வரவில்லை. கடுங்காய்ச்சல், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் என்று மூட்டுக்கு மூட்டு வலி. வைத்தியர் பார்த்துச் சிக்குன்குனியா என்று சொல்லி மூன்று நாள் விடுப்புச் சீட்டுக் கொடுத்தார்.

லயத்தில் உடனே ஒரு பேச்சுக் கிளம்பிற்று. "சிக்கன் காய்ச்சலாம், கோழியிலிருந்து வருகிறதாம்" என்றார்கள். அக்காள் வீட்டுப் பின்புறத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் வளர்த்தார். பிள்ளையின் பள்ளிச் செலவு அந்த முட்டையில்தான் நடந்தது. பேச்சுக் கிளம்பிய நாள் முதல் முட்டை வாங்குவாரில்லை. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தனர். ஒரே வாரத்தில் கோழிகளையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்.

கோழி போயிற்று, காய்ச்சல் போகவில்லை. சண்டைக்கு வந்த வீட்டிலேயே அடுத்த வாரம் இரண்டு பேர் படுத்தார்கள். வேலியோரத்தில், கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த பழைய பால் மங்குகள் நான்கைந்து கிடந்தன. கோழிகள் இருந்தவரை அந்த நீர் தினமும் மாறியது. கோழிகள் போனபின் மழைநீர் நின்றது. அதில் புழு நெளிந்தது. கோழியைப் பார்த்த கண்கள் மங்கைப் பார்க்கவில்லை.

இனி எங்கள் பங்கைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழிந்ததும் அக்காள் வேலைக்கு வந்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் உளியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை. பாதி நிரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாள் வந்தார், பால் நிறுவையில் பாதிகூட இல்லை. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் என்ன வளைவு? நடிப்பு" என்றார் மண்டோர். ஆபீசில் நாங்கள் என்ன செய்தோம்? வராத நாளுக்கெல்லாம் செக்ரோலில் "ஆப்சென்ட்" என்று எழுதினோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் முறை வைத்தியரிடம் போய்ச் சீட்டு வாங்கி வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. அந்த மாதம் அவர் கையில் வாங்கிய சம்பளத்தை எண்ணிக் கொடுத்தவர்களும் நாங்கள்தாம்.

அந்த அக்காளின் முதுகு என்ன சொல்லிற்றோ, அதையேதான் அந்த நோயின் பெயரும் சொல்லிற்று. அந்தப் பெயரின் பொருள் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தோழர்களே, சிக்குன்குனியா என்பது கோழியின் பெயர் அன்று. ஆங்கிலச் சொல்லே அன்று. ஆப்பிரிக்காவின் கிழக்கே தாங்கனிக்கா என்று ஒரு நாடு இருந்தது. இன்று அது தான்சானியாவின் பகுதி. அதன் தென்கோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, மக்கொண்டே என்னும் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே வாழும் மக்களும் மக்கொண்டே மக்களே. அவர்கள் மொழியும் அதுவே. 1952, 1953ஆம் ஆண்டுகளில் அங்கே ஒரு காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. வந்தவர்கள் மூட்டு வலியால் உடல் வளைந்து, கோலூன்றிக்கூட நடக்க முடியாமல் முடங்கினார்கள். அந்த ஏழை மக்கள் தங்கள் மொழியிலேயே நோய்க்குப் பெயர் வைத்தார்கள். "குங்குன்யாலா" என்றால் அவர்கள் மொழியில் வற்றிச் சுருங்குதல், வளைந்து கோணிப்போதல். அதிலிருந்து பிறந்ததே சிக்குன்குனியா. "வளைத்துப் போடுவது" என்று நாம் பொருள் கொள்ளலாம்.

மரியன் ராபின்சன் என்னும் வைத்தியர் நோயாளிகளைப் பார்த்து நோயின் குறிகளை எழுதினார். லம்ஸ்டன் என்னும் அறிஞர் அது பரவிய விதத்தை எழுதினார். இரண்டு கட்டுரைகளும் 1955இல் அச்சாயின. அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை நாம் குறிப்பிட்டே ஆக வேண்டும். அவர்கள் தங்கள் பெயரையோ ஓர் இலத்தீன் பெயரையோ அந்த நோய்க்குச் சூட்டவில்லை. நோயில் கிடந்தவர்கள் சொன்ன சொல்லையே எடுத்து உலகத்துக்குக் கொடுத்தார்கள். சுவாகிலி மொழிச் சொல் என்று சில நூல்களில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. சுவாகிலி அந்நாட்டின் பொதுமொழி. இது மக்கொண்டே மக்களின் வீட்டுமொழிச் சொல்.

நம் தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "குனி" என்றால் வளை என்று பொருள் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் "குனியா" என்று முடித்தால் "குனியாத" என்றாகிவிடும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கும். வந்தவரையெல்லாம் குனிய வைக்கும் நோய்க்குத் தமிழில் கேட்டால் "குனியா" என்று பெயர்! இது ஒலியில் நேர்ந்த ஒற்றுமை. உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும். சிக்கனை விட்டுவிடுங்கள், குனிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சில் "முடக்குக் காய்ச்சல்" என்று சொன்னாலும் போதும், பொருள் கெடாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பாட்டன்மாரை இந்நாட்டுத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோய் மலேரியா. அந்தச் சொல் இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்று பொருள்படும். சதுப்பு நிலத்து நாற்றக் காற்றால் நோய் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காற்றுக்குப் பயந்து சன்னலை அடைத்தார்கள், கொசுவை விட்டுவிட்டார்கள். 1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் அக்கிருமியைக் கண்டுபிடித்த பின்னரே வழி பிறந்தது. நமது சிலாங்கூரில், கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் 1901இல் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் நீர் வடித்துச் சதுப்பைக் காயவைத்தபோதுதான் காய்ச்சல் தணிந்தது. பெயர் காற்றைக் காட்டிற்று. பகை தண்ணீரில் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நம் நாட்டிலேயே நடந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் காய்ச்சல் கண்டு நினைவிழந்து இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் இறங்கிற்று. பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களே விழுகிறார்கள் என்பது பின்னரே உறைத்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் ஆராய்ச்சியாளர் அது வேறொரு புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தார். சுங்கை நீப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நீப்பா வைரஸ் ஆயிற்று. 265 பேருக்கு நோய்; 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பண்ணையில் உழைத்தவர்கள். தவறான பெயர் இருந்த அத்தனை மாதமும் தவறான இடத்தில் வேலை நடந்தது.

ஒரு கிராமத்தின் பெயர் உலக நோய்ப் பட்டியலில் என்றைக்கும் தங்கிவிடுவது அங்கே வாழ்பவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இதற்கு ஒரு நெறி வகுத்தது. இனிப் புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயரோ, மனிதர் பெயரோ, விலங்கின் பெயரோ வைக்க வேண்டாம், நோயின் தன்மையைச் சொல்லும் பெயரை வையுங்கள் என்று அறிவுரை கூறிற்று. மக்கொண்டே மக்கள் அதை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவிட்டார்கள்! 1959இல் உகாண்டாவில் பரவிய இதன் சோதரக் காய்ச்சலுக்கும் அங்குள்ள அச்சோலி மக்கள் "ஓ நியோங் நியோங்" என்று பெயர் வைத்தார்கள். மூட்டை ஒடிப்பது என்பது அதன் கருத்து. டெங்கிக்கு "எலும்பை முறிக்கும் காய்ச்சல்" என்று ஆங்கிலத்தில் ஒரு பழம்பெயர் உண்டு. வலித்தவர் வைக்கும் பெயரில் பொய் இருப்பதில்லை.

இந்த வளைக்கும் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலிருந்து நம் பால்காட்டுக்கு எப்படி வந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

தாய்நாட்டுக்கு இது புதியதன்று. 1963இல் கல்கத்தாவில் பரவியது. 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. 1973இல் மராட்டிய மாநிலத்தின் பார்சி நகரில் தோன்றியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓசையில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2004இல் கென்யாக் கடற்கரையில் மீண்டும் தலைதூக்கிற்று. அங்கிருந்து இந்துமாக் கடல் தீவுகளுக்குத் தாவிற்று. ரியூனியன் தீவு நமக்கு அந்நியமன்று. நம் முன்னோர் இங்கே ரப்பருக்கு வந்ததுபோல் அங்கே கரும்புக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் அத்தீவில் மூன்றில் ஒருவர் இக்காய்ச்சலில் படுத்தார்கள்.

அங்கே ஒரு விபரீதம் நிகழ்ந்தது. வழக்கமாக இந்நோயை ஊருக்குள் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்னும் வீட்டுக்கொசு. டெங்கியைப் பரப்புவதும் அதுவே. அதற்கு ஒரு தம்பி உண்டு: ஏடிஸ் அல்போபிக்டஸ். கறுத்த உடல், காலில் வெள்ளை வளையம், முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இது தோட்டத்துக் கொசு. நிழலும் பச்சையும் மழைநீரும் உள்ள இடம் இதன் வீடு. ரியூனியனில் வைரஸின் மேலுறையில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டது. அந்த மாற்றத்தால் இந்தத் தோட்டத்துக் கொசுவின் உடம்பில் அது முன்னைக் காட்டிலும் எளிதாக வளரத் தொடங்கிற்று. அதாவது, நகரத்து நோய்க்குத் தோட்டத்துக் கதவு திறந்துவிட்டது.

இந்தியாவில் 2006இல் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் இக்காய்ச்சல் கண்டது என்பது அரசுக் கணக்கு. "சிக்கன் குனியா" என்று சொல்லிக் கோழியைக் குற்றவாளி ஆக்கியவர்கள் அங்கும் இருந்தார்கள். மறுவருடம், 2007இல், மாறிய வைரஸ் கேரளத்தில் நுழைந்தது. எங்கே மிகுந்து பரவியது தெரியுமா? கோட்டயம், பத்தனம்திட்டா முதலான ரப்பர் மாவட்டங்களில். அங்கே மரத்தில் பால் பிடிக்கக் கொட்டாங்கச்சிகளையும் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் வெட்டு நின்றபோது கச்சிகளில் நீர் நின்றது. தோட்டத்துக் கொசு பெருகிற்று. பால்வெட்டும் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகப் படுத்தனர்.

நம் நாட்டில் முதல் பரவல் 1998 டிசம்பர் முதல் 1999 பிப்ரவரி வரை நம் சிலாங்கூரின் கிள்ளான் துறைமுகத்தில் கண்டது. பின்னர் 2006இல் பேராக்கின் பாகான் பாஞ்சோர் என்னும் மீனவக் கிராமத்தில். இவை இரண்டும் அந்தந்த ஊரளவில் அடங்கின. 2008இல் ஜொகூரில் தொடங்கியதோ அடங்கவில்லை. மாறிய வைரஸ் இந்தியாவிலிருந்து பயணிகளோடு வந்து, மாநிலம் மாநிலமாக ஏறி, ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்க வைத்தது. அந்த வெள்ளந்தான் 2009இல் எங்கள் அக்காளின் லயத்தையும் தொட்டது.

இங்கே ஒரு வார்த்தை. இன்று நம் பக்கத்து நிரையில் வங்காளதேசத்துத் தோழர் நிற்கிறார். இந்தோனேசியத் தோழர் நிற்கிறார். நேப்பாளத் தோழர் நிற்கிறார். எந்தக் காய்ச்சல் வந்தாலும் "இவன் கொண்டு வந்தான்" என்று சுட்டும் விரல்கள் உண்டு. 2008இல் வந்த காய்ச்சல் நம் உற்றார் உறவினர் போய்வரும் வழியிலேயே வந்தது என்பதை அந்த விரல்களுக்கு நினைவூட்டுங்கள். அன்று கோழி, இன்று அயல்நாட்டுத் தொழிலாளி. குற்றம் சுமத்த ஆள் கிடைத்துவிட்டால் மங்கை யாரும் கவிழ்ப்பதில்லை.

சரி, மங்குக்கு வருவோம். கொசு முட்டையிட ஆறும் குளமும் கேட்பதில்லை. அரை மங்கு மழைநீர் போதும். இந்தச் சூட்டில் முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். நீர் வற்றினாலும் முட்டை சாகாது. மங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். இந்தக் கொசு இரவில் காதருகே பாடும் கொசு அன்று. பகலில் கடிக்கும், காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். நாம் கூலிக்கு மரம் வெட்டும் நேரமே அது கூலியில்லாமல் நம்மை வெட்டும் நேரம். வெகுதூரம் பறக்காது, இருநூறு மீட்டர் போனால் பெரிது. ஆகவே, நம்மைக் கடிக்கும் கொசு நம் நிரையில், அல்லது நம் வீட்டோரத்தில் பிறந்த கொசு.

ஒழுங்காக வெட்டும் நிரையில் மங்கால் அவ்வளவு ஆபத்தில்லை. வெட்டும் நாளெல்லாம் பால் விழுகிறது, துடைத்து எடுக்கிறோம். ஆபத்து எங்கே? வெட்டு நின்ற மரத்தில். இலையுதிர் காலத்தில் ஓய்வு விட்ட நிரையில். ஆளில்லாமல் விடப்பட்ட சிறுதோட்டத்தில். கட்டிப்பாலுக்காக நாள்கணக்கில் விட்டு வைக்கும் மங்கில். கம்பியில் நிமிர்ந்தபடி தொங்கும் ஒவ்வொரு மங்கும் மழை பெய்தால் ஒரு தொட்டி. ஒரு நிரையில் ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு தொட்டி. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இந்த மேற்குக் கரையில் மழை மிகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புக்கிட் பெருந்துங்கையே பாருங்கள். தோட்டக்காடாக இருந்த பக்கம் வீட்டுமனை ஆயிற்று. 1997இல் வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. பூட்டிய வீட்டின் பீலியும் தொட்டியும் யார் கணக்கு? தோட்டத்தில் மங்கு, பட்டணத்தில் பூட்டிய வீடு. இரண்டுக்கும் இடையில் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள்.

நோய் வந்தால் என்ன செய்வது? கடித்து நான்கு முதல் எட்டு நாளில் காய்ச்சல் காணும். உயிருக்கு ஆபத்து அரிது. முதியோரும் கைக்குழந்தைகளும் கவனமாயிருக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஓய்வு, நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், இவ்வளவே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டெங்கியும் இதே கொசுக்களால் வருவது. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டெங்கி உயிரை எடுக்கும். ஆதலால் இரத்தம் பார்த்து டெங்கி இல்லை என்று வைத்தியர் சொல்லும்வரை ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்; இரத்தக் கசிவை அவை கூட்டும். காய்ச்சல் தணியும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனிக் கூலிப் பேச்சு. சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும். மூட்டுவலி பலருக்குச் சில வாரத்தில் விடும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு வருடக்கணக்கில். இது நடிப்பன்று, வைத்திய நூல்கள் எழுதி வைத்த உண்மை. மேசையில் எழுதுபவருக்கு இந்த வலி ஒரு தொல்லை. குனிந்து, நிமிர்ந்து, விரலை மடக்கி, ஐந்நூறு அறுநூறு மரத்தைச் சுற்றி வருபவருக்கு இது பிழைப்பையே நிறுத்துவது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நமக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். வைத்தியர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று கொள்ளப்படுவீர்கள். அயல்நாட்டுத் தோழர்களுக்கும் இதே உரிமைதான். எங்கள் அக்காளுக்கு இருபது வருடச் சேவை. 22 நாள் உரிமை இருந்தது. அவர் அனுபவித்தது மூன்று நாள். மீதி 19 நாளும் யாரும் சொல்லாததால் போயிற்று. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்; நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆதலால் இந்தக் கூட்டத்தில் நான்கு காரியங்களை முடிவு செய்து எழுந்திருப்போம்.

முதலாவது, பால் எடுத்த கையோடு மங்கைக் கவிழ்ப்போம். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் உடைந்த மங்கு, டயர், டின், பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு நாள் கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துவிடுவோம். வாரம் ஒரு நாள் போதும். கொசுவின் கணக்கு அதற்குள் முடியாது.

இரண்டாவது, வெட்டு நிறுத்திய நிரைகளில் மங்குகளைக் கழற்றுவதும் கவிழ்ப்பதும் வேலைதான். அதற்கு ஆளும் நாட்கூலியும் நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று கேட்போம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் இடத்தில் கொசு பெருக விடுவது இடத்துக்குரியவரின் குற்றம். தோட்டம் யாருடையதோ, தோட்டத்து நீரும் அவருடையதே. புகையடிப்பு வண்டி வந்து போனால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், மங்கில் நெளியும் புழுவைத் தொடாது.

மூன்றாவது, கிராணி நண்பர்களுக்கு. உங்களை அல்ல, எங்களையே சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். செக்ரோலில் ஓர் எழுத்து எழுதுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நோயா, வராமையா? சீட்டு முடிந்தும் வலி இருந்தால் மீண்டும் வைத்தியரிடம் அனுப்புங்கள். எத்தனை நாள் உரிமை மீதம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். நாம் எழுதுவதும் ஒரு பெயர்தான். "ஆப்சென்ட்" என்று தவறான பெயர் எழுதினால், அந்தத் தவறு ஒரு குடும்பத்தின் அரிசிப் பானையில் போய் விழுகிறது.

நான்காவது, பெயரைச் சரியாகச் சொல்லுவோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். கோழியும் காரணமில்லை, அண்டை வீட்டானும் காரணமில்லை, அயல்நாட்டானும் காரணமில்லை. கொசுவும் தேங்கிய நீருமே காரணம்.

அந்த அக்காள் இன்று மரம் வெட்டுவதில்லை. மூட்டுவலி ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது, பிறகு குறைந்தது, அதற்குள் நிரை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இன்று மகன் வீட்டில் மறுபடியும் கோழி வளர்க்கிறார். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தோம். மக்கொண்டே மக்கள் வைத்த பெயரின் பொருளை அவரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியா! எங்கோ இருக்கிறவங்களுக்கு என் முதுகு தெரிஞ்சிருக்கு, தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முட்டை நாலு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

தோழர்களே, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வேலியோரம் நிமிர்ந்து கிடக்கும் மங்கு ஒன்றாவது கண்ணில் படும். அதைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். மங்கு குனிந்தால் நாம் நிமிர்ந்து நிற்கலாம்.